புளூஸி: ஒரு சொல்லும் அதன் சொந்தக்காரர்களும்
(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதம் படிப்பு வட்டம் முடிந்து எல்லோரும் எழுந்துவிட்ட நேரம். நூற்பு இலாகாவில் வேலை செய்யும் இளந்தோழர் ஒருவர் ஒரு பத்திரிகைத் துண்டை நம்மிடம் நீட்டினார். புதிதாக வந்த ஒரு சினிமாப் பாட்டைப் பற்றிய விமர்சனம் அது. மெட்டு "புளூஸி"யாக இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. "இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், தோழர்?" என்று கேட்டார். அவருக்கு ராத்திரி ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, நமக்கும் அவசரம். "புளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பு மக்களின் சோகப் பாட்டு. புளூஸி என்றால் சோகமாக இருக்கிறது என்று அர்த்தம்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அந்தப் பதில் தவறு. அதை அன்றிரவே உணர்ந்தோம். நம்மிடமுள்ள சில பழைய பாட்டுக்களைப் போட்டுக் கேட்டபோது, அவற்றில் பாதி சோகமே இல்லை. ஒன்று கேலி செய்கிறது. ஒன்று ரயிலேறிப் போய்விடுவேன் என்று மிரட்டுகிறது. ஒன்று பணக்காரனை நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்கிறது. இவ்வளவையும் "சோகம்" என்ற ஒரே மூட்டையில் கட்டி ஒரு தொழிலாளியின் தலையில் ஏற்றி அனுப்பினோம் என்றால், அது நம்முடைய பிழை. அதைத் திருத்திக்கொள்ளவே இன்று இந்தப் பேச்சு.

முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். புளூ என்றால் நீலம். நீலத்துக்கும் துன்பத்துக்கும் என்ன சம்பந்தம்? நமக்கு நீலம் கடலின் நிறம், கண்ணனின் நிறம். இங்கிலீஷ்காரர்களுக்கோ மனச்சோர்வு பிடித்தவனை "நீலப் பேய்கள்" ஆட்டுகின்றன என்று சொல்லும் வழக்கம் வெகு காலமாக உண்டு. 1798-ம் ஆண்டிலேயே ஜார்ஜ் கோல்மன் என்பவர் அந்தப் பெயரில் ஒரு சிறு நகைச்சுவை நாடகம் எழுதினார். காலப்போக்கில் பேய் உதிர்ந்துபோய் நீலம் மட்டும் நின்றது. "எனக்கு புளூஸ் பிடித்திருக்கிறது" என்றால் மனம் சரியில்லை என்று பொருள். சீமான்களும் சீமாட்டிகளும் மாளிகைச் சாய்வு நாற்காலியில் கிடந்து சொன்ன சொல் இது.

அந்தச் சொல் பருத்திக் காட்டுக்கு வந்து சேர்ந்ததும் அதன் பொருளே மாறிவிட்டது. எப்படி என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1865-ம் ஆண்டில் அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அடிமைகள் விடுதலை பெற்றார்கள். ஆனால் ஒரு குழி நிலம்கூட அவர்கள் கைக்கு வரவில்லை. நிலம் பழைய எஜமானனிடமே இருந்தது. அப்புறம் என்ன நடக்கும் என்பதை விவசாயத் தொழிலாளிகளான உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வாரச் சாகுபடி வந்தது. நிலம் பண்ணையாருடையது, குடிசை பண்ணையாருடையது, உழும் கோவேறு கழுதை பண்ணையாருடையது. விளைந்த பருத்தியில் பாதி அவருக்கு. மீதிப் பாதியிலிருந்து, வருஷம் முழுவதும் அவருடைய கடையில் கடனாக வாங்கிய மாவுக்கும் உப்புக்கண்டத்துக்கும் வட்டியோடு கழிவு. கணக்கு நோட்டு அவர் கையில். அறுவடை முடிந்து கணக்குத் தீர்க்கும் நாளில் குடும்பத்தோடு போய் நின்றால், "இந்த வருஷம் கிட்டத்தட்ட தேறிவிட்டாய், கொஞ்சம்தான் பாக்கி" என்பார். கணக்கைக் காட்டு என்று கேட்டவன் உயிரோடு ஊர் திரும்புவது நிச்சயமில்லை. கடனை வைத்துவிட்டு ஓடினால் கைது. வேலையில்லாமல் சாலையில் நின்றால் அதற்கும் கைது. கைதானவனைச் சர்க்காரே சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் கூலிக்கு விட்டுப் பணம் பார்த்தது. அலபாமா மாநிலத்தில் 1928-ம் ஆண்டு வரை இந்தக் கைதி வியாபாரம் நடந்தது. மிஸிஸிப்பி மாநிலமோ கைதிகளை வெளியே விடுவதற்குப் பதிலாகத் தானே பண்ணையாராகிவிட்டது. பார்ச்மன் என்ற இடத்தில் சிறைச்சாலையே ஒரு பருத்திப் பண்ணை. பிற்காலத்தில் புளூஸ் பாடகர்களென்று உலகம் கொண்டாடிய சன் ஹவுஸ், புக்கா ஒயிட் இருவரும் அங்கே கைதிகளாக வேலை செய்தவர்கள்.

இந்த மிஸிஸிப்பியிலும், அக்கம்பக்கத்து மாநிலங்களிலும், 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு பாட்டு உருவாயிற்று. அதற்குத் தாய் தந்தை பலர். காட்டில் தனியாக உழுகிறவன் நீட்டி முழக்கும் கூவல் ஒன்று. கோடாரியை ஓங்கும்போது ஒருவன் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்லும் வேலைப் பாட்டு இன்னொன்று. நடவுப் பாட்டும் ஏற்றப் பாட்டும் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த முறை புதிதல்ல.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் வழி போட்டோம்.

1947-ம் ஆண்டு. ஆலன் லோமாக்ஸ் என்ற நாட்டுப் பாடல் சேகரிப்பாளர் நியூயார்க் நகரத்தில் மூன்று புளூஸ் பாடகர்களை ஓர் ஒலிப்பதிவுக் கருவியின் முன் உட்காரவைத்தார். பிக் பில் புரூன்ஸி, மெம்பிஸ் ஸ்லிம், ஸன்னி பாய் வில்லியம்ஸன் என்பது அவர்கள் பெயர். "புளூஸ் என்றால் என்ன?" என்பதுதான் கேள்வி. நம் இளந்தோழர் கேட்ட அதே கேள்வி! முதலில் காதல், பிரிவு என்று பொதுப்படையாகப் பேசினார்கள். பேச்சு சூடேறியதும் ஆற்றங்கரை மண்வேலை முகாம்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். மிஸிஸிப்பி ஆற்றின் கரையை உயர்த்தும் வேலை அது. கோவேறு கழுதை பூட்டி மண் இழுக்க வேண்டும். இடுப்பில் துப்பாக்கி சொருகிய கங்காணி பக்கத்தில் நிற்பான். ஆள் செத்தால் வேறு ஆள் பிடித்துக்கொள்ளலாம். கழுதை செத்தால் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆகவே அங்கே மனிதனைவிடக் கழுதைக்கு மதிப்பு அதிகம்.

அந்த முகாமில் கங்காணியை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாது. ஆனால் கழுதையைப் பார்த்துப் பாடலாம்! கழுதையைத் திட்டலாம், கழுதையிடம் முறையிடலாம், கழுதையின் பெயரைச் சொல்லிக் கங்காணிக்குப் போய்ச் சேர வேண்டியதையெல்லாம் பாட்டாக அனுப்பலாம். பக்கத்து வரிசையில் வேலை செய்கிறவனுக்கு விஷயம் புரியும், கங்காணிக்குப் புரியாது. புரிந்தாலும் கழுதையிடம் பாடியதற்கு என்ன தண்டனை கொடுப்பான்? இதைச் சொல்லிவிட்டு, புளூஸ் என்பது ஒரு வகையில் பழி தீர்ப்பது என்ற கருத்தில் அந்தப் பாடகர்கள் பேசினார்கள். வாயால் சொல்ல முடியாததைப் பாட்டால் சொல்லிப் பழி தீர்ப்பது.

சோகம் என்று நாம் சொன்னோமே, அது எங்கே? இது எங்கே?

கதை இதோடு முடியவில்லை. பதிவு முடிந்ததும் லோமாக்ஸ் அதைத் திருப்பிப் போட்டுக் காட்டினார். தங்கள் குரலையே கேட்ட மூவரும் அஞ்சினார்கள். "இதை எங்கள் பெயரில் வெளியிடாதீர்கள். தெற்கே எங்கள் குடும்பங்கள் இருக்கின்றன" என்று கேட்டுக்கொண்டார்கள். நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு பேசியதற்கே, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் தாயோ தம்பியோ கொல்லப்படலாம் என்ற பயம்! அந்தப் பதிவு பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் இசைத்தட்டாக வந்தது. அப்போதும் பேசியவர்களின் பெயரை மாற்றித்தான் வெளியிட்டார்கள். மூவரும் மறைந்தபிறகு, 1990-ல்தான் உண்மைப் பெயர்கள் அச்சாயின.

இப்போது "புளூஸி" என்ற சொல்லுக்கு வருவோம். இங்கிலீஷில் ஒரு சொல்லின் வாலில் "இ" என்ற ஓசையைச் சேர்த்தால் "அதைப் போன்றது, அதன் சாயலுள்ளது" என்று பொருளாகும். ஆகவே புளூஸி என்றால் புளூஸ் அல்ல, புளூஸின் சாயல். சாயல் என்றால் எந்தச் சாயல்? சங்கீதக்காரர்களிடம் கேட்டால், அவர்கள் தொழில் முறையில் தெளிவாகவே பதில் சொல்வார்கள்.

முக்கியமானது வளைந்த சுரம். மேல்நாட்டுப் பியானோவில் சாதாரண காந்தாரத்துக்கு ஒரு கட்டை, அந்தர காந்தாரத்துக்கு அடுத்த கட்டை. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. புளூஸ் பாடகனின் குரல் சரியாக அந்த நடுவில்தான் நிற்கும். அல்லது கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகும். நிஷாதத்திலும் பஞ்சமத்துக்குச் சற்றுக் கீழேயும் இதே வேலை. இவற்றையே நீல சுரங்கள் என்கிறார்கள். நாயனக்காரர் சீவாளியில் உதட்டை அழுத்தி ஒரு சுரத்தை வளைத்துக் காட்டும்போது நாம் தலையாட்டுகிறோம் அல்லவா? அந்த மாதிரி என்று ஏறக்குறைய வைத்துக்கொள்ளுங்கள். முறை வேறு, மண் வேறு. ஆனால் கட்டைக்குள் அடங்காத சுரம் என்பது நம் காதுக்கு எளிதில் எட்டும். பியானோ வாசிக்கிற கறுப்புக் கலைஞன் என்ன செய்தான் தெரியுமா? பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டையும் சேர்த்து நசுக்கி அந்த நடுச் சுரத்தின் பிரமையை உண்டாக்கினான்.

கித்தாரில் இன்னும் வசதி. உடைந்த பாட்டில் கழுத்தை விரலில் மாட்டியோ, கத்தியின் முதுகை அழுத்தியோ தந்திமேல் இழுத்தால் கித்தாரே மனிதக் குரலாகிவிடும். கித்தார் வாங்க முடியாத சிறுவர்கள் விளக்குமாற்றைக் கட்டியிருக்கும் கம்பியைப் பிரித்து, வீட்டுச் சுவரில் ஆணி அடித்துக் கட்டி, பாட்டிலை முட்டுக் கொடுத்து வாசித்தார்கள். குடியிருக்கும் குடிசையே வாத்தியம்! இப்படி ஒற்றைக் கம்பியில் பழகிய பையன்கள் பலர் பிற்காலத்தில் பெரிய வித்துவான்கள் ஆனார்கள்.

பாட்டின் கட்டும் எளிமையானது. ஒரு வரி பாடு. அதையே மறுபடி பாடு. மூன்றாவது வரியில் அதற்குப் பதில் சொல். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் கித்தார் பதில் பேசும். தாளத்தில் பன்னிரண்டு அளவு. முதல் வரியைத் திரும்பப் பாடுவது வீண் அல்ல. அந்த இடைவெளியில் பாடகன் மூன்றாவது வரியை யோசித்துக்கொள்கிறான். வேலையிலேயே கட்டுகிற பாட்டுக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு பொருத்தம்!

ஆகவே ஒரு சங்கீதக்காரர் இன்னொருவரிடம், "அந்த இடத்தைச் சற்று புளூஸியாக வாசி" என்றால், "அழு" என்று அர்த்தமல்ல. "சுரத்தை வளை, கட்டைக்குள் அடங்காதே" என்று அர்த்தம். 1924-ல் ஜார்ஜ் கெர்ஷ்வின் என்ற வெள்ளை இசையமைப்பாளரின் பெரிய உருப்படி ஒன்று நியூயார்க்கில் அரங்கேறியது. நீலத்தின் பெயரையே அதற்கு வைத்திருந்தார். தொடக்கத்தில் கிளாரினெட் வளைந்து ஏறுவதைக் கேட்டால் யாரும் புளூஸியாக இருக்கிறது என்பார்கள். சரியே. ஆனால் அதைப் புளூஸ் என்று யாரும் சொல்வதில்லை. இந்த வேறுபாட்டைக் காட்டத்தான் இந்தச் சொல் தேவைப்படுகிறது.

இதுவரை தொழிலின் சங்கதி. இனி வியாபாரத்தின் சங்கதி.

1903-ம் ஆண்டு வாக்கில் மிஸிஸிப்பியில் டட்வைலர் என்ற சிறு ரயில் நிலையத்தில் டபிள்யூ.சி. ஹேண்டி என்ற கறுப்பு பாண்டு வாத்தியத் தலைவர் ரயிலுக்குக் காத்திருந்தார். கந்தல் உடுத்திய ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து கத்தியால் கித்தார்த் தந்தியை அழுத்தி வாசித்தான். ஹேண்டி அதை மறக்கவில்லை. 1912-ல் "மெம்பிஸ் புளூஸ்" என்று ஒரு மெட்டை அச்சிட்டு வெளியிட்டார். "புளூஸின் தந்தை" என்று அவருக்குப் பட்டம். வாசித்தவனின் பெயரோ யாருக்கும் தெரியாது.

ஹேண்டியை நாம் குறைசொல்ல மாட்டோம். கேட்டதைக் கேட்டபடி ஒப்புக்கொண்டு எழுதிவைத்த மனிதர் அவர். அவருக்குப் பின்னால் வந்த கம்பெனிகளின் கதை வேறு. 1920 வரை கறுப்பு மக்கள் இசைத்தட்டு வாங்க மாட்டார்கள் என்றே கம்பெனிகள் எண்ணின. அந்த ஆண்டில் மேமி ஸ்மித் பாடிய ஒரு புளூஸ் தட்டு சில மாதங்களில் ஆயிரமாயிரமாக விற்றது. ஏழைகளின் பையிலும் காசு இருக்கிறது என்று கண்டதும் கம்பெனிகள் ஓடோடி வந்தன! ஆனால் வெள்ளையர் தட்டுக்களோடு சேர்த்து விற்க மனமில்லை. "இனத் தட்டுக்கள்" என்று தனிப் பட்டியல், தனி முத்திரை. 1949-ல்தான் அமெரிக்க இசை வியாபாரப் பத்திரிகை ஒன்று அந்தப் பெயரை நீக்கி "ரிதம் அண்டு புளூஸ்" என்று மாற்றிற்று.

"புளூஸ் மகாராணி" என்று பெயர் பெற்ற பெஸ்ஸி ஸ்மித்துக்கு ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தடவை கூலி. விற்பனையில் பங்கு கிடையாது. நம்மிடையே பீஸ் ரேட் என்கிறோமே, அதுதான். ஏழையின் வியர்வையில் வாழும் பணக்காரனைப் பார்த்து 1928-ல் பாடியவர் இந்த அம்மையார். சற்று முன் சொன்னோமே, நேருக்கு நேர் கேள்வி கேட்கும் பாட்டென்று, அது இவருடையதே. 1937-ல் கார் விபத்தில் இறந்தார். 33 ஆண்டுகள் அவருடைய சமாதிக்கு ஒரு கல் இல்லை. 1970-ல் அவருடைய பாட்டைக் கேட்டு வளர்ந்த ஜானிஸ் ஜாப்ளின் என்ற வெள்ளைப் பாடகியும், சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸியின் வீட்டில் தரை துடைத்த ஒரு கறுப்புப் பெண்மணியும் சேர்ந்து கல் நட்டார்கள். தட்டு விற்ற பணத்தில் ஒரு கல்லுக்குக் கூடவா மிச்சமில்லை?

மில் தொழிலாளர்கள் கேட்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. வட கரோலினாவில் டார்ஸி டிக்ஸன் என்று ஒரு வெள்ளைத் தொழிலாளி. சிறு வயதிலேயே பஞ்சாலைக்குள் போனவர். அவர் 1930-களில் கட்டிய பாட்டுக்குத் "தறிக்கூடத்து புளூஸ்" என்று பெயர். தம்பியோடு சேர்ந்து 1936-ல் தட்டாகப் பாடினார். அறுந்த நூல், ஓயாத இரைச்சல், எவ்வளவு ஓடினாலும் ஏறாத கூலி எல்லாம் அதிலே உண்டு. தம் கஷ்டத்துக்குப் பெயர் வைக்க வேண்டியபோது ஒரு வெள்ளை நெசவாளிக்குக் கறுப்புப் பண்ணையாளின் சொல்தான் கைக்குக் கிடைத்தது. இது வர்க்கத்தின் காது. துன்பம் துன்பத்தை அடையாளம் கண்டுகொள்கிறது.

ஆனால் அதே தெற்கத்தி மில்களில் கறுப்புத் தொழிலாளியைத் தறி அருகே விட மாட்டார்கள். மூட்டை தூக்கலாம், முற்றம் கூட்டலாம். மிஷினைத் தொடக் கூடாது. பக்கத்துத் தென் கரோலினாவில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே கூடத்தில் மில் வேலை செய்யக் கூடாதென்று 1915-ல் சட்டமே போட்டார்கள். சொல் உள்ளே வந்தது. சொல்லுக்குச் சொந்தக்காரன் வெளியே நின்றான். முதலாளிகளுக்கு இதைவிட இலாபகரமான ஏற்பாடு வேறென்ன வேண்டும்? இந்தச் சுவரை உடைக்க முயன்றவர்களும் உண்டு. 1929-ல் அதே வட கரோலினாவில் காஸ்டோனியா நகரத்துப் பஞ்சாலை வேலைநிறுத்தத்தைக் கம்யூனிஸ்டுகள் தலைமையிலான சங்கம் நடத்திற்று. எல்லா மே விக்கின்ஸ் என்ற நூற்பாலைப் பெண்மணி, குழந்தைகளைப் பறிகொடுத்த தாய், கூட்டங்களில் தாமே கட்டிய பாட்டுக்களைப் பாடினார். கறுப்புத் தொழிலாளிகளையும் சங்கத்தில் சேர்க்க வேண்டுமென்று வாதாடினார், சேர்த்தும் காட்டினார். அந்த ஆண்டு செப்டம்பர் 14 அன்று கூட்டத்துக்குப் போகும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

தெற்கின் கொடுமை தாங்காமல் 1910-களிலிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பு மக்கள் வடக்கத்தி, மேற்கத்தி நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். மட்டி வாட்டர்ஸ் அவர்களில் ஒருவர். மிஸிஸிப்பியில் ஸ்டோவால் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். மணிக்கு இருபத்திரண்டரை சென்ட் கூலி. இருபத்தைந்து ஆக்கும்படி கேட்டார். மேஸ்திரி சீறி விழுந்தான். 1943-ல் சிக்காகோவுக்கு ரயிலேறினார். காகித ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். தொழிலாளிகள் கூடும் மதுக்கடை இரைச்சலில் பழைய கித்தார் கேட்கவில்லை; மின்சாரக் கித்தாரை எடுத்தார். இரண்டரை சென்ட் கொடுக்க மறுத்த அந்த மேஸ்திரிக்கு உலக சங்கீதம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது, பாருங்கள்!

அந்த மின்சார புளூஸ் கடல் தாண்டியது. 1962-ல் லண்டனில் சில இளைஞர்கள் தங்கள் குழுவுக்கு மட்டி வாட்டர்ஸ் பாட்டு ஒன்றின் பெயரையே எடுத்து ரோலிங் ஸ்டோன்ஸ் என்று வைத்துக்கொண்டார்கள். யாரிடம் கற்றோம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. எல்லோரும் அப்படியில்லை. மட்டி வாட்டர்ஸுக்குப் பாட்டுக் கட்டிக் கொடுத்த வில்லி டிக்ஸன், லெட் ஸெப்பெலின் என்ற புகழ் பெற்ற குழு 1969-ல் வெளியிட்ட ஒரு பாட்டு தம்முடையதிலிருந்து எடுத்தது என்று 1985-ல் வழக்குப் போட வேண்டியிருந்தது. 1987-ல் சமரசமாயிற்று. அதற்குப் பிறகே அந்தப் பாட்டில் அவர் பெயரும் சேர்ந்தது. கிடைத்த பணத்தை வைத்து என்ன செய்தார்? தம்மைப் போல ஏமாந்த கலைஞர்கள் உரிமையை மீட்டுக்கொள்ள உதவும் அமைப்பு ஒன்றை வளர்த்தார்.

"புளூஸி" என்ற சொல் பிழைப்புக்கு வழி தேடிக்கொண்டது இந்த இடத்தில்தான். புளூஸ் என்று சொன்னால், "யாருடைய புளூஸ்? எந்தப் பண்ணை? எந்த வருஷம்?" என்ற கேள்வி வரும். புளூஸி என்றால் ஒரு கேள்வியும் வராது. அது வெறும் மணம், வெறும் தாளிப்பு. மதுக்கடை விளம்பரத்துக்கும் மோட்டார் விளம்பரத்துக்கும் சினிமாவில் கதாநாயகன் மழையில் நனைவதற்கும் கொஞ்சம் தூவிக்கொள்ளலாம். கங்காணியும் வேண்டாம், கழுதையும் வேண்டாம்.

இப்படிச் சொல்வதால் இந்தச் சொல்லையே ஒழிக்க வேண்டும் என்று நாம் கூறுவதாக எண்ண வேண்டாம். நேர்மையாகப் பயன்படுத்தினால் அது ஒரு கடன் பத்திரம். "இது புளூஸ் அல்ல, ஆனால் இதிலுள்ள வளைவு அவர்களிடம் கற்றது" என்ற ஒப்புதல் அந்த வாலில் இருக்கிறது. பத்திரத்தில் கடன் கொடுத்தவன் பெயரை அழித்துவிட்டு வாசிப்பதுதான் மோசடி.

நம் பக்கத்துத் தவறுகளையும் மறைக்க வேண்டாம். புளூஸை மட்டமாக நினைத்தவர்கள் கம்பெனிக்காரர்கள் மட்டுமல்ல. மாதா கோயில்காரர்கள் அதைப் பிசாசின் பாட்டென்றார்கள். படித்த கறுப்புக் கனவான்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவர்களை லாங்ஸ்டன் ஹியூஸ் என்ற கறுப்புக் கவிஞர் 1926-லேயே சாடினார். இடதுசாரிகளிலும் சிலர் இருந்தார்கள். கொடி இல்லை, கோஷம் இல்லை, காதலும் குடியும்தானே பாடுகிறான், இதில் போராட்டம் எங்கே என்று கேட்டார்கள். போராட்டம் கழுதையின் காதில் இருந்தது! கோஷம் போட முடிந்தவனுக்குக் கோஷம். துப்பாக்கி முனையில் நிற்பவனுக்கு வேறு பாஷை வேண்டியிருக்கிறது. அதைக் கேட்கப் பழகாத காது நமக்கும் இருந்ததால்தான், சென்ற மாதம் அந்த இளந்தோழருக்குச் "சோகப் பாட்டு" என்று பதில் சொன்னோம்.

கடைசியாக ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். ஹட்டி லெட்பெட்டர், லெட்பெல்லி என்றே எல்லோரும் அழைத்தார்கள். லூயிசியானாவில் அங்கோலாச் சிறையில் கைதியாக இருந்தபோது 1933-ல் லோமாக்ஸும் அவர் தந்தையும் அவரைக் கண்டு பாட்டுக்களைப் பதிவு செய்தார்கள். விடுதலையானபின், 1937-ல், மனைவியோடு தலைநகர் வாஷிங்டனுக்குப் பாட வந்தார். வெள்ளை நண்பர்களும் கறுப்புத் தம்பதியும் சேர்ந்து நின்றதால் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. தலைநகரமே கதவைச் சாத்திற்று. அப்போது நண்பர் ஒருவர், "இது பூர்ஷுவா ஊர்" என்றார்.

லெட்பெல்லிக்கு அந்தச் சொல் புதிது. என்ன அர்த்தம் என்று கேட்டார். விளக்கினார்கள். கேட்டுக்கொண்டவர் சும்மா இருக்கவில்லை. அந்தச் சொல்லை எடுத்து, அதன் பக்கத்தில் தம் சொல்லை வைத்து, "பூர்ஷுவா புளூஸ்" என்று ஒரு பாட்டே கட்டிவிட்டார். வாஷிங்டன் நகரத்து வீட்டுக்காரர்களின் யோக்கியதை அந்தப் பாட்டால் ஊரறிந்தது.

அந்தப் பாட்டைக் கொண்டுவந்திருக்கிறோம். நூற்பு இலாகாத் தோழர் முன்னால் வந்து உட்காரட்டும், கேள்வி அவருடையது. இப்போது போடுகிறோம். முதல் தடவை வார்த்தையைத் தேடாமல் குரல் எங்கே வளைகிறது என்று மட்டும் கேளுங்கள். இரண்டாம் தடவை வரிவரியாக நிறுத்தி அர்த்தம் சொல்கிறோம்.